பதினொரு முறை நான் கொன்ற நண்பன்

அலையின் தாலாட்டில் கண்வளர்ந்து, அலையின் அதட்டலில் கண்விழித்து, உப்பும் மழையும் ஊட்டி வளர்த்த நம் தியெப் நகரின் மேயரும், இந்தப் பிற்பகல் விழாவின் தலைவருமான திருமதி எர்மின் தெவோ அம்மையார் அவர்களே! கப்பல் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கைகளை மடியில் மடித்துவைத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! விடியுமுன் எழுந்து, விரல் விறைக்க மீன் அரிந்து, வீடுகளை வாழவைத்த துறைமுகத்துத் தாய்மார்களே! யார் கண்ணிலும் படாமல் இந்த மேடைக்குமேல் நின்று திரை தூக்கும் தோழர்களே! இடம் கிடைக்காமல் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் இனியவர்களே! எல்லோருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம்.

என்னைத் தெரிகிறதா? தெரியும், தெரியும். நான் மேடை ஏறியபோது இரண்டாம் வரிசையில் ஓர் அம்மையார் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தவறில்லை தாயே! இந்த முகத்தோடு நாற்பது ஆண்டுகள் வெள்ளித்திரையில் வீடு புகுந்து திருடியவன் நான். பெயர் பப்திஸ்தேன் ருமெகூ. தெற்கே திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பிறந்தேன். முப்பது ஆண்டுகளாக உங்கள் ஊர்க் காற்றில் இருமிக்கொண்டிருக்கிறேன். இன்று இந்த அரங்கத்துக்கு யாருடைய பெயரைச் சூட்டுகிறீர்களோ, அந்த அன்செல்ம் கெர்த்தியேவை நான் பதினொரு முறை கொன்றிருக்கிறேன்.

இரண்டு முறை நஞ்சு வைத்தேன். மூன்று முறை ஓடும் ரயிலிலிருந்து தள்ளினேன். ஒருமுறை கோட்டைப் படிக்கட்டில் உருட்டினேன். ஒருமுறை போர்வையால் அமுக்கினேன். மிச்சம் நான்கு முறை சுட்டேன். பதினொரு முறையும் அவர் அழகாக இறந்தார். பன்னிரண்டாம் முறையும் சுட்டேன். அன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கி முன் நிற்கிறேன்.

எங்கே தொடங்கியது இந்த வாழ்வு? மூடுபனியில் தொடங்கியது, பெரியோர்களே! போர் முடிந்த மறு ஆண்டு. பாலத்துக்கு அப்பால், பொலே பகுதியில் பிறந்த அன்செல்முக்கு அப்போது இருபது வயது. கப்பல் புறப்படும் நேரத்தைத் துறையில் கூவி அறிவிப்பது அவர் வேலை. அக்கரைக்கு நாடகம் போடப் புறப்பட்ட எங்கள் குழு இங்கே வந்து சேர்ந்தபோது பனி இறங்கியது. எப்படிப்பட்ட பனி? கப்பல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டிய பனி! மூன்று நாள் கப்பல் நகரவில்லை. சும்மா இருப்பானேன் என்று எங்கள் தலைவி செரஃபின் ஒப்ராக், சுங்கக் கொட்டகையிலேயே நாடகம் என்று சொல்லிவிட்டார். முதல் அங்கம் முழுக்கத் தரையில் பிணமாகக் கிடக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். நேரம் கூவிக்கொண்டிருந்த அன்செல்மைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார்கள்.

கிடந்தார், தோழர்களே, கிடந்தார்! நாற்பது நிமிடம் இமை அசையவில்லை. ஆனால் அந்த முகம்... எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகம். பேசிக்கொண்டிருந்த எங்களை விட்டுவிட்டு, கூட்டம் பிணத்தையே பார்த்தது. கொலைகாரன் நான். என்னை ஒருவர்கூடப் பார்க்கவில்லை! நாடகம் முடிந்ததும் தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாப் படுத்திருந்தப்பா. பேசவும் வருமா?"

"கப்பல் நேரம் சொல்லுவேங்க."

"போதும். எங்ககூட வா. மத்தத நாங்க சொல்லித்தர்றோம்."

பனி விலகியது, கப்பல் கிளம்பியது, அவரும் கிளம்பினார்.

ஏழு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தோம். பிறகு பாரீஸ், பிறகு சினிமா. அந்த முகத்தைப் பார்த்த இயக்குநர் ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது: இவன் இறந்தால் ஊரே அழும்! ஆகவே இறக்கவைத்தார்கள். அவர் இறக்கும்போது ஒரு விந்தை செய்வார், கவனித்திருக்கிறீர்களா? மூடியிருக்கும் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக, பூ மலர்வது போல மெல்லத் திறக்கும். அவ்வளவுதான். அந்த விரல்களுக்காகவே நாடு முழுவதும் கைக்குட்டைகள் நனைந்தன.

நனையாத கைக்குட்டை ஒன்றே ஒன்று. அது அவருடைய தாயாருடையது.

யூஃப்ரசி கெர்த்தியே! அந்தப் பெயரைச் சொன்னதும் மீன் அங்காடிப் பக்கமிருந்து வருகிறதே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு நான் தலைவணங்குகிறேன். யூஃப்ரசியின் குரலுக்கு முன் கப்பல் சங்கே தயங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மகனின் முதல் படத்தைப் பார்க்க, ஞாயிறு பிற்பகல், துறைமுகத்துக் கொட்டகைக்குப் போனார். இருபதாம் நிமிடத்தில் நான் அவர் மகனை ரயிலிலிருந்து தள்ளினேன். எழுந்தார், கத்தினார், இருக்கைகளை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். நேரே தபால் நிலையம் போய்ப் பாரீசுக்குத் தந்தி அடிக்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. பூட்டிய கதவை அவர் உதைத்த தடம் நெடுநாள் இருந்ததாம். தங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த காப்பிக்கடையிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேம்மா. அது நடிப்பு."

"நடிப்புன்னு எனக்கும் தெரியும். என் வயித்துக்குத் தெரியலயே!"

ஒவ்வொரு படத்துக்கும் இதே கதை. போவார், பாதியில் ஓடிவருவார், தொலைபேசி அடிப்பார். ஆறாவது படத்தோடு போவதையே நிறுத்திவிட்டார்.

ஓர் ஈஸ்டர் விடுமுறைக்கு அன்செல்ம் என்னை வீட்டுக்கு அழைத்துவந்தார். கதவைத் திறந்த அம்மையார் மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கையில் மீன் வெட்டும் கத்தி.

"நீதான அவன்? ரயில்லேர்ந்து தள்ளுனவன்?"

"ஆமாங்கம்மா."

"போர்வைய வச்சு அமுக்குனது?"

"அதுவும் நான்தாங்கம்மா."

"ஒனக்கு என் பையன விட்டா வேற ஆளே கெடைக்கலியா? ஊருல எத்தன பேரு இருக்கான்! செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காரு. மொதல்ல சாப்பிடு. அப்பறம் பேசிக்கிறேன் ஒன்ன."

உட்கார்ந்தேன். சிப்பியும் பாலேடும் போட்ட சூடான குழம்பு. தட்டு காலியாக ஆக நிரப்பினார். நிரப்ப நிரப்பத் திட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு திட்டும் வாங்கியதில்லை, அவ்வளவு ருசியாகவும் உண்டதில்லை!

சாப்பிட்டு முடித்து, பாத்திரம் துடைக்க அவர் பக்கத்தில் நின்றேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது.

"என் வீட்டுக்காரர் லுபேன், நவம்பர் மாசம் மீனுக்குப் போனாரு. இவனுக்கு அப்ப ஒம்பது வயசு. படகும் வரல, ஆளும் வரல, ஒரு பலகைகூட ஒதுங்கல. ஒடம்பப் பாத்திருந்தா அழுது முடிச்சிருப்பேன். பாக்கல. போயிட்டாருன்னும் சொல்ல முடியல, வருவாருன்னும் சொல்ல முடியல. அந்தத் தெரையில என் புள்ள விழுறப்பல்லாம் எனக்கு ரெண்டு பேரும் சேந்து போறாங்கப்பா."

அவர் ஒரு தட்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கண்ணு போய்க்கிட்டிருக்கு. அடுத்த குளிர் வரைக்கும் தாங்குனா பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவன்கிட்ட சொல்லாத. ஒரே ஒரு படத்துல அவன் கடைசி வரைக்கும் நிக்கணும். அதப் பாத்துட்டேன்னா போதும்."

நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. திரும்பினேன், அடுப்படி வாசலில் அன்செல்ம் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் 'ஈயநிறக் கடல்' படம் அவரைத் தேடி வந்தது. முப்பத்தெட்டு வயதில் முதல் நாயக வேடம்! பல ஆண்டுகள் கழித்துச் சொந்தத் துறைமுகத்துக்குத் திரும்பும் ஒரு கள்ளக்கடத்தல்காரன். இறுதிக் காட்சியில் பழைய கூட்டாளி அவனைக் கரையில் சுட்டுவிடுகிறான். கூட்டாளி யார்? வேறு யார், இந்தப் பாவிதான்! இயக்குநர் ஃபிலிபேர் சவுர்னேன் நல்ல மனிதர். ஆனால் ஒரு வரியை மாற்ற மாட்டார். அன்செல்ம் அவரிடம் மூன்று முறை போய் நின்றார்.

"ஐயா, இவன் பொழைச்சா என்ன?"

"இவன் பொழைச்சா படம் செத்துரும், அன்செல்ம்."

"எங்கம்மா..."

"ஒங்கம்மாவுக்குத் தனியா ஒரு படம் எடுக்கலாம். இப்ப போய்ப் படு."

படப்பிடிப்பு எங்கே? இதோ, இந்த அரங்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே, நம் கரையில்! காலை எட்டு மணி. ஓதம் இறங்கிக் கடல் வற்றிக் கிடந்தது. வானம் எது, நீர் எது, மணல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத பனி. உலகத்தை யாரோ பாலில் நனைத்து உலரப் போட்டது போல! கலங்கரை முனையிலிருந்து, கப்பல்களை எச்சரிக்கும் பனிச்சங்கு நிமிடத்துக்கொரு முறை முனகியது. மீனவர் அணியும் நீலக் கம்பளிச் சட்டையில் அன்செல்ம் நடந்து வந்தார். நான் சுட்டேன். விழுந்தார். ஏறிவரும் அலை அவர் முகத்தைத் தொட்டு மூடும்வரை கிடக்க வேண்டும். அதுவே படத்தின் கடைசிக் காட்சி.

அலை வந்தது. காலைத் தொட்டது. இடுப்பைத் தொட்டது. தோளைத் தொட்டது. வலக்கை மூடியிருந்தது. இப்போது விரல்கள் திறக்கும், இப்போது திறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். திறக்கவில்லை. மூடிய முட்டியை மணலில் ஊன்றி, நீர் வழிய வழிய, அன்செல்ம் எழுந்தார்!

எழுந்து நின்றார். தள்ளாடினார். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கேமராவைக் கடந்து, ஊர் இருக்கும் திசையில் நடந்தார். ஓர் அடி, மற்றோர் அடி, இன்னும் ஓர் அடி. 'கட்' என்று சொல்லத் தூக்கிய இயக்குநரின் கை காற்றிலேயே நின்றது. பனி அவரை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. ஒளிப்பதிவாளர் மட்டும், கோயிலில் பேசுவது போல, "கேமரா ஓடுது" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். போர்வையைப் போர்த்தினேன்.

"என்னய்யா பண்ணிட்ட?"

"வேணும்னு பண்ணலப்பா. தண்ணி காதுக்குள்ள வந்துச்சு. இப்படித்தான அப்பாவுக்கும் வந்திருக்கும்னு தோணிச்சு. அதுக்கப்பறம் என்னால படுத்திருக்க முடியல."

தயாரிப்பாளர் கொதித்தார். மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டும், அன்செல்ம் மறுத்தால் அதே உயரத்தில் வேறோர் ஆளைப் படுக்கவைத்து, முதுகைக் காட்டி எடுத்துவிடலாம் என்றார். சொன்னபடியே மறுநாள் காலை ஓர் ஆள் நீலச் சட்டையில் வந்து நின்றார். அதே பனி, அதே வற்றிய கடல். "சுடு" என்றார்கள்.

நான் சுடவில்லை. ஏன் சுடவில்லை? துப்பாக்கி என் கையிலிருந்து தவறிக் கடலில் விழுந்துவிட்டது என்று அன்று சொன்னேன். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அப்படியே சொல்லிவந்தேன். இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன்: தவறவில்லை. வீசி எறிந்தேன்! என்ன தம்பி? ஆமாம், அங்கேதான் கிடக்கும். தேடிப் போகாதீர்கள், அது நிஜத் துப்பாக்கியும் இல்லை.

வேறு துப்பாக்கி கொண்டுவருவதற்குள் பனி விலகியது, அலை ஏறியது, நாள் போனது. இனி எங்கள் இருவர் முகமும் தன் படங்களில் தெரியாது என்று தயாரிப்பாளர் சத்தியம் செய்தார். இயக்குநர் மட்டும் முதல் நாள் எடுத்ததை மூன்று முறை தனியே ஓட்டிப் பார்த்தார். வெளியே வந்து, "இதுதான் முடிவு" என்றார்.

குளிர்காலம் வந்தது. ஞாயிறு பிற்பகல், துறைமுகத்துக் கொட்டகை. அம்மையாரை முதல் வரிசையில் உட்காரவைத்தோம். ஒருபுறம் மகன், மறுபுறம் கொலைகாரன். அதற்குள் அவர் கண்ணுக்கு உருவங்கள் மட்டுமே தெரிந்தன, முகங்கள் கரைந்துவிட்டிருந்தன. நான் சுட்டதும் துள்ளி எழுந்தார்.

"தெரியும்! எனக்குத் தெரியும்! என்ன ஏமாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"

"அம்மா, உக்காரும்மா. இன்னும் கொஞ்சம் பொறு."

உட்கார்ந்தார், கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். திரையில் அலை ஏறியது. பனிச்சங்கு முனகியது. விரலிடுக்கு வழியே, மங்கிய கண்களால், அவர் பார்த்தார். என்ன பார்த்தார்? பனிக்குள் கடலிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. நீலக் கம்பளிச் சட்டை. நனைந்த உடம்பு. தள்ளாடித் தள்ளாடி நம் ஊரை நோக்கி, அவரை நோக்கி, அது நடந்து வந்தது.

யூஃப்ரசி மெல்ல எழுந்து நின்றார். மகன் பெயரை அவர் சொல்லவில்லை.

"லுபேன்... வந்துட்டியா? எவ்ளோ நேரமாச்சு! ஈரத்தோட நிக்காத. உள்ள வா."

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள், யாராவது அசைந்தோமா? யாராவது இருமினோமா? விளக்கு எரிந்த பிறகும் ஒருவரும் எழவில்லை. அன்செல்ம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வந்ததும் அம்மையார் என் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி பெரிதாகியிருந்தது.

"மொத மொறையா ஒழுங்கா ஒரு வேலை பாத்திருக்க. குறி தப்பிச் சுட்டியே!"

வீட்டுக்கு வந்து, கதவருகே ஆணியில் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தொங்கிய கணவரின் மேல்கோட்டைத் தடவி எடுத்தார். உதறினார். மடித்தார். பெட்டிக்குள் வைத்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்து அழுதார். அழுது முடித்தார்.

விலை கொடுக்காமல் போனாரா அன்செல்ம்? கொடுத்தார்! ஆறு ஆண்டுகள் ஒரு படமும் இல்லை. நாயகன் ஆகவேண்டிய வயதில், சந்தைக் கூடங்களிலும் ரயில்வே உணவுக் கூடங்களிலும், கூரை ஒழுகும் பள்ளி மண்டபங்களிலும் நாடகம் போட்டார். வருந்தினாரா? ஒருமுறை கேட்டேன். "பப்திஸ்தேன், மூணாவது வரிசையில ஒருத்தன் தும்மினா எனக்குக் கேக்குது. சினிமாவுல கேக்குமா?" என்றார். அங்கேதான் அவர் வளர்ந்தார். மன்னன் ஆனார், மடையன் ஆனார், மனைவிக்கு அஞ்சும் ரொட்டிக்கடைக்காரன் ஆனார். பிணமாகப் படுத்துப் புகழ் பெற்றவர், நின்று, நடந்து, சிரிக்கவைத்துப் பெரும்புகழ் பெற்றார்!

தாயார்? கண் முழுதும் போன பிறகு, சினிமாவை விட்டு நாடகத்துக்கு வந்தார். இதே அரங்கம், மூன்றாம் வரிசை, ஓரத்து இருக்கை. மேடையில் மகன் எதைக் கேட்டாலும் இவர் பதில் சொல்வார்! "நான் எங்கே போவேன்?" என்று மன்னன் புலம்பினால், "வீட்டுக்கு வாடா, சோறு ஆறுது" என்று இங்கிருந்து குரல் வரும். நாடகம் நின்றுவிடும், அரங்கம் அதிரும், மன்னனும் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான். ஒன்பது ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. பெரிய இயக்குநர்கள் மீண்டும் தேடி வந்தபோது, இறக்கும் வேடம் மட்டும் வேண்டாம் என்றார் அன்செல்ம். அம்மா மறைந்த பிறகே அந்தத் தடையை நீக்கினார்.

சென்ற பிப்ரவரி. ஒரு வியாழன் பிற்பகல். எண்பத்தொரு வயது அன்செல்ம், கடல் பார்த்த ஜன்னலோரம், சாய்வு நாற்காலியில். நான் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கடல் ஏறுதா, வத்துதா?" என்று கேட்டார்.

"ஏறுது."

"நல்லது" என்றார். கண்ணை மூடினார்.

பதினொரு முறை அவர் இறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை, தாய்மார்களே, தெரியவில்லை! விரல்கள் திறக்கவில்லை. முகம் வெளிச்சத்தின் பக்கம் திரும்பவில்லை. எந்த இயக்குநரும் ஏற்றுக்கொள்ளாத, அவ்வளவு எளிய மரணம். தூங்குகிறார் என்றே நினைத்தேன். பேரிக்காய்த் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது, புரிந்தும் உட்கார்ந்திருந்தேன். "எந்திரிப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செவிலிப் பெண் வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கும்வரை காத்திருந்தேன்.

எழவில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்திலிருந்து பெட்டி வெளியே வந்தபோது, நடிகனுக்குரிய கடைசி மரியாதையாக முதலில் கைதட்டியவர்கள் மீன் அங்காடித் தாய்மார்கள். ஏப்ரனோடு, செதிலோடு, ஈரக்கையோடு! ஈரக்கை தட்டும் ஓசை வேறு. அது மழை தொடங்குவது போலக் கேட்கும். ஊரே அந்த மழையில் சேர்ந்தது.

நடிகனால் இறந்தவரை எழுப்ப முடியுமா? முடியாது. கடலிடம் போனவரைக் கேட்டு வாங்க முடியுமா? முடியாது. ஆனால் அழ முடியாமல் உறைந்து நின்ற ஒரு பெண்ணுக்கு, ஒரே ஒரு பிற்பகல், ஒரே ஒரு கணம், அவள் கணவனைக் கரையேற்றிக் காட்ட முடியும். "உள்ளே வா" என்று சொல்லவைக்க முடியும். சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக வீடு திரும்ப முடியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்த மேடை! அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்தத் திரை! அதற்காகத்தான் இந்த நாடக வீடு. இன்றுமுதல் இதன் பெயர் அன்செல்ம் கெர்த்தியே அரங்கம்!

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன் அம்மா. இந்தத் திரைக்குப் பின்னால் ஈசோலின் என்ற பெண் நிற்கிறாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவள். இன்றுதான் முதன்முறை மேடை ஏறுகிறாள். "தாத்தா, இன்னும் அஞ்சு நிமிஷம் பேசுங்க, கால் நடுங்குது" என்று என்னைக் கெஞ்சி அனுப்பினாள். பேசிவிட்டேன் ஈசோலின், பத்து நிமிடமாகவே பேசிவிட்டேன். இனி நீ வரலாம். இங்கே இருப்பவர்கள் கடுமையானவர்கள், மேடையோடு வாயாடுவார்கள், ஆனால் ஈரத்தோடு நிற்பவரை உள்ளே அழைக்கத் தெரிந்தவர்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்களுக்கும், படிக்கட்டில் கால் மரத்துப்போனவர்களுக்கும் என் நன்றி. திரை தூக்கும் தோழர்களே, கயிற்றைப் பிடியுங்கள்! வணக்கம்.